உப்பளத்தில் விழுந்த சதுர நிழல்

ஒதுங்குவதற்கு ஒரு மரமோ, மரத்தில் ஒரு கிளையோ, கிளையில் ஓர் இலையோ இல்லாத ஊர் அளத்தாங்கரை. கிழக்கே கடலும் மேற்கே முள்ளுக்காடும் கிடக்க, இடையில் கண்ணுக்கெட்டிய தொலைவு வரை உப்புப் பாத்திகள் மட்டுமே கண்ணாடித் துண்டுகளைப்போல விரிந்து கிடந்தன. அந்தப் பாத்திகளில் இறங்கி உப்பு வாரும் பெண்கள் சூரியனால் பிழைத்தார்கள், சூரியனால் கறுத்தார்கள், சூரியனால் பார்வை மங்கினார்கள். ஆயினும் அவர்களுள் ஒருத்திகூடச் சூரியனின் முகத்தை நேருக்கு நேர் பார்த்ததில்லை.

அந்த முகத்தை அவர்களுக்குக் காட்டியது உப்பளத்தின் ஓரத்தில் எழும்பிய சூரிய ஆய்வு நிலையம். மேகம் கூடாத ஊர் என்பதனாலேயே அதை அங்கே கட்டியிருந்தார்கள். கூண்டுக்குள் இருந்த தொலைநோக்கி பகல் முழுவதும் சூரியனைப் படம் பிடிக்கும். அந்தப் படத்தை ஊரும் பார்க்கட்டும் என்று, மதில் சுவரில் தகரக் கூரைக்கு அடியில் பெரியதொரு திரையை மாட்டியிருந்தார்கள். செக்கச் சிவந்த வட்டமாக, அங்கங்கே கரும்புள்ளிகளோடு, வெந்து புடைத்த பணியாரம்போலச் சூரியன் அதில் நின்றது. தங்களை இத்தனை காலமாகச் சுட்டவன் இவன்தானா என்று பெண்கள் வியந்தார்கள், பிறகு பழகினார்கள், பிறகு, காலையில் அந்தத் திரையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்ளாமல் எவளும் வாருபலகையைத் தொடுவதில்லை என்றாகிவிட்டது.

அப்படிக் கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில்தான் பிச்சைக்கனி கையை நிறுத்தினாள்.

“ஏட்டி உகந்தா, சூரியன் மேல என்னட்டி பெட்டி மாதிரி கெடக்கு?”

வெயிலுகந்தாள் தன் மகள் பவளத்தை இடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத் திரையை உற்றுப் பார்த்தாள். சூரியனின் கீழ் விளிம்புக்குச் சற்று உள்ளே, கரிக்கட்டியால் அழுத்தி வரைந்ததுபோல், நான்கு பக்கமும் நேர்கோடாக, ஒரு கறுப்புச் சதுரம் இருந்தது.

“பெட்டியா? எனக்குக் கதவு மாதிரில்லா தெரியுது.”

“கதவுன்னா தெறக்கும்லா?”

கடலிலும் காட்டிலும் நேர்கோடு என்பதை அவர்கள் கண்டதில்லை. வரப்பும் பாத்தியும் மனிதன் போட்ட கோடுகள். ஆகவே சூரியனின் மேல் கோடு போட்டவன் எவன் என்ற கேள்வி அத்தனை பேருக்குள்ளும் ஒரே சமயத்தில் எழுந்தது.

“வாயைப் பொளந்துக்கிட்டு நிக்காம பாத்தியில எறங்குங்கட்டி. கதவு தெறந்தா நான் சொல்லியனுப்புதேன்” என்று கங்காணி சொரிமுத்து அதட்டினார். ஆனால் அவரும் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் அதட்டினார்.

நிலையத்தின் பொறுப்பாளர் செல்வின் நாகர்கோவில் பக்கத்தவர். வெயில் ஒத்துக்கொள்ளாத உடம்பு. சன்னல் இல்லாத குளிர்ந்த அறையில் அமர்ந்து, நாள் முழுவதும் சூரியனைத் திரையில் மட்டுமே பார்ப்பவர். கூட்டம் கூடியதைக் கேட்டு வெளியே வந்தவர், பொறுமையாகவே விளக்கினார்.

“பயப்படாதீங்கம்மா. இது சூரியன்ல இல்ல, எங்க கேமராவுக்குள்ள இருக்கு. கேமராவோட கண்ணு சின்னச் சின்னக் கட்டமா இருக்கும். அதுல கொஞ்சம் கட்டம் செத்துப் போச்சு.”

“செத்துப் போச்சா?”

“வேலை செய்யலைன்னு சொல்றேன்.”

“வேல செய்யாததெல்லாம் செத்ததுன்னா, எங்க கங்காணி செத்துப் பல வருசம் ஆச்சே சார்” என்றாள் பிச்சைக்கனி. எல்லோரும் சிரித்தார்கள்; சொரிமுத்துகூட மீசைக்குள் சிரித்தார்; அந்த ஊரில் மனம்விட்டு எழுந்த கடைசிச் சிரிப்பு அது.

செல்வின் உள்ளே போய்க் கேமராவைத் திருப்பிக் காட்டினார். திரையில் சூரியன் தன் கரும்புள்ளிகள் அனைத்தோடும் மெல்லச் சுழன்றது. சதுரம் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. பிறகு தொலைநோக்கியைச் சற்றே விலக்கினார். சூரியன் திரையின் ஓரத்துக்கு நழுவிப் போயிற்று. சதுரம் வெற்று இருட்டிலும் அங்கேயே நின்றது. “பாத்தீங்களா, சூரியனுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல” என்று வாசலில் வந்து சொல்லி, ஐயம் தீர்த்துவிட்ட நிறைவோடு அவர் கதவை மூடிக்கொண்டார்.

கண்டவர்கள் வேறு கணக்குப் போட்டார்கள். சூரியனே சுழன்றும் சுழலாத ஒன்று, சூரியனே நகர்ந்தும் நகராத ஒன்று, சூரியனைவிட வலியதாகத்தானே இருக்க வேண்டும்? அன்று எவளும் வாருபலகையை ஓங்கிப் போடவில்லை. மேலே இருப்பதன் காதில் விழுந்துவிடக் கூடாது என்பதுபோல் உப்பை மெல்ல மெல்ல வாரினார்கள்.

மறுநாள் நிழல் விழுந்தது.

துணுக்கு மேகமும் இல்லாத வானத்தின் கீழ், தெற்குப் பாத்தியொன்றின்மேல், நான்கு பக்கமும் நேர்கோடாக, திரையில் கண்ட அதே வடிவில் அது விழுந்து கிடந்தது. காலையில் மேற்கே சாயவில்லை. மாலையில் கிழக்கே நீளவில்லை. பாய் விரித்தால் விரித்த இடத்தில் கிடப்பதுபோல் கிடந்தது. சொரிமுத்து வரப்பைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “பெட்டியோட நெழலு” என்றார். மற்றவர்களும், “ஆமா, பெட்டியோட நெழலுதான்” என்றார்கள். பெட்டி என்று ஒன்று இருந்தால் அதற்கு நிழல் இருக்கும். அதில் கேட்க வேண்டியது ஒன்றுமில்லை.

முதலில் அந்தப் பாத்தியை விட்டு விலகி நடந்தார்கள். வரப்பில் சூடம் கொளுத்தினார்கள். நகரத்திலிருந்து வேன்களில் ஆட்கள் வந்து, திரையையும் பாத்தியையும் கைப்பேசியில் படம் பிடித்து, அது வேற்றுலகத்துக் கப்பல் என்றும் கண்காணிக்க வந்த கண் என்றும் பேசிவிட்டு, ஐஸ் வாங்கித் தின்றுவிட்டுப் போனார்கள். நாரையும் கொக்கும் அந்தச் சதுரத்துக்கு மேலே பறக்காமல் சுற்றிக்கொண்டு பறந்தன. அதற்குள் இருந்த உப்புநீர் பூக்கவில்லை, சேறு இறுகவில்லை, சூரியன் வந்ததையே அறியாததுபோல் அந்த ஒரு பாத்தி மட்டும் குளிர்ந்து கிடந்தது.

அந்தக் குளிர்ச்சிதான் அச்சத்தை வென்றது. பிறந்தது முதல் நிழலென்றால் தங்கள் காலடியில் ஒட்டிக் கிடக்கும் கறுப்பு மட்டுமே என்று வாழ்ந்தவர்கள் அவர்கள். பால் கொடுக்கும் ஒருத்தி, பிள்ளையின் உச்சந்தலை கொதிப்பதைப் பொறுக்க மாட்டாமல், ஒருநாள் வரப்பிலிருந்து உள்ளே காலை வைத்தாள். அவளுக்கு ஒன்றும் நேரவில்லை. அடுத்து வேனற்கட்டி வந்தவர்கள் போனார்கள். அடுத்து மூத்தவர்கள் போனார்கள். அடுத்து, யார் எப்போது போவது என்று சொரிமுத்து முறை வைக்க வேண்டியதாயிற்று. சேற்றின்மேல் பலகையும் சாக்கும் விரித்து, கஞ்சித் தூக்குகளோடு அமர்ந்து, தலைக்கு மேலே கிடப்பதை நிமிர்ந்து பாராமல் அவர்கள் உண்டார்கள். உள்ளே போகும்போது தங்கள் சொந்த நிழல் காலடியிலிருந்து கழன்றுவிடுவதை எல்லோரும் கவனித்தார்கள்.

வெயிலுகந்தாள் மட்டும் மகளை உள்ளே விடவில்லை. தோணியில் போன கணவன் திரும்பாத நாள் முதல் அவளுக்கு எஞ்சியிருந்தது பவளம் ஒருத்திதான். பவளமோ இடுப்பில் இருந்தால் இறங்க வேண்டும் என்பாள், இறக்கிவிட்டால் தூக்கு என்பாள். தாயை, கூட வேலை செய்பவர்கள் கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு, “ஏ உகந்தா” என்றே அழைப்பாள். “அம்மான்னு சொல்லுட்டி” என்றால், “சொல்ல மாட்டேன், போ உகந்தா” என்பாள். வெயிலில் வதங்கினாலும் தன் சேலை முந்தானையின் கீழ் வதங்கட்டும் என்று அவளைக் கூடவே இழுத்துக்கொண்டு திரிந்தாள் வெயிலுகந்தாள்.

சில நாள் கழித்துத் திரையில் சதுரத்துக்குப் பக்கத்தில் புதிதாக ஒரு சின்னஞ்சிறு பொட்டு தோன்றிற்று. அதன் நிழலும் வந்தது. குவித்து வைத்த உப்பு அம்பாரத்தின் அடியில், ஒரு முறம் கவிழ்த்த அளவுக்கு விழுந்தது. மனிதர் படுக்கப் போதாத அந்த நிழலைக் கங்காணியின் நாய் சிப்பாய் பிடித்துக்கொண்டது. கறுப்பு நாய், ஒரு காது கிழிந்தது, சொரிமுத்துவைத் தவிர ஊரில் அத்தனை பேரையும் கடிக்கப் பார்ப்பது. மற்ற நாய்கள் நாக்கைத் தொங்கவிட்டு வெயிலில் சுற்றிலும் கிடக்க, நடுவே அது மட்டும் அரசனைப்போல் உறங்கியது.

வெயிலுகந்தாள் நிலையத்துக் குழாயில் குடிநீர் பிடிக்க நின்றபோது, அவள் கண்ணெதிரே, திரையில் அந்தப் பொட்டு மறைந்தது. இருந்த இடம் தெரியாமல் சிவப்போடு சிவப்பாக மூடிக்கொண்டது. குடத்தைச் சுமந்து அவள் அம்பாரத்துக்குத் திரும்பினாள். நிழல் இல்லை. நாய் எழுந்து நின்றுகொண்டிருந்தது. அது கறுப்பாக இல்லை, செவலையாகவும் இல்லை, வெள்ளையாகவும் இல்லை. சுற்றிக் கிடந்த நாய்களையெல்லாம் அரைத்துக் குழைத்ததுபோல் ஒரு சாம்பல் நிறத்தில் இருந்தது. கிழிந்த காது கூடியிருந்தது. “லே சிப்பாய்” என்று சொரிமுத்து கூப்பிட்டார். அது அவரைப் பார்த்தது. அதே பார்வையை அடுத்து நின்றவளுக்கும், அதற்கடுத்து நின்றவளுக்கும் கொடுத்தது. எல்லோருக்கும் ஒரே அளவு வாலை ஆட்டியது.

“நல்ல நாயாப் போச்சுல்லா” என்றாள் ஒருத்தி. சொரிமுத்து துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வெயிலுகந்தாள் குடத்தை அப்படியே வைத்துவிட்டு நிலையத்துக்கு ஓடினாள்.

“சார், அந்தப் பொட்ட என்ன செஞ்சீங்க?”

“அதைக் கவனிச்சீங்களா?” செல்வினுக்கு மகிழ்ச்சி. “சரி பண்ணிட்டேன். சோதனைக்கு அந்தச் சின்னதைத்தான் முதல்ல செஞ்சேன். செத்த கட்டத்தைச் சுத்தி இருக்கிற நல்ல கட்டத்துல என்னென்ன நிறம் இருக்கோ, அதையெல்லாம் கூட்டிச் சராசரி எடுத்து, நடுவுல நிரப்பிடுவோம். நாளைக்கு அந்தப் பெரிய சதுரத்தையும் நிரப்பிடலாம். மேலிடத்துல கோபமா இருக்காங்க, கப்பல் அது இதுன்னு ஊரெல்லாம் பேச்சாப் போச்சே.”

ஒரு பாத்தியில் நீர் கெட்டுப்போனால் உப்பளத்திலும் அப்படித்தான் செய்வார்கள். நான்கு பக்கத்து வரப்பையும் வெட்டி, அக்கம்பக்கத்துப் பாத்திகளின் நீரை உள்ளே விடுவார்கள். வெயிலுகந்தாளுக்கு அது விளங்கிற்று. விளங்கியதனாலேயே அவள் விடாமல் கேட்டாள்.

“நாங்களும் அப்பிடித்தான் சார் நெரப்புவோம். ஆனா உள்ள இருந்த தண்ணிய மொதல்ல வடிய விடுவோம். நீங்க நெரப்புறப்போ முன்ன உள்ள இருந்தது எங்கன போவுது?”

“உள்ளதான் ஒண்ணுமே இருக்கலியேம்மா” என்றார் செல்வின்.

அன்று மாலை அவள் பெண்களிடம் சொன்னாள். அவர்கள் அவளைப் பார்த்து இரங்கினார்கள்.

“ஏளா, பெட்டி மேல வானத்துல கெடக்கு. அவரு கீழ டிவிய தொடைச்சா அது எங்கன போவும்?” என்றாள் பிச்சைக்கனி. “மொகத்துல மருவு இருக்குன்னு கண்ணாடிய தொடைச்சா மருவு போயிருமா?”

வானத்தில் ஒரு பொருள் உண்டு என்று நம்பியவர்களுக்குப் படத்தைத் துடைப்பதில் அச்சமில்லை; பொருள் இல்லை என்று அறிந்தவருக்கு நிழலைப் பற்றிய நினைப்பே இல்லை. இந்த இரண்டு நிம்மதிகளுக்கும் நடுவே வெயிலுகந்தாள் ஒருத்தி மட்டும் உறக்கமின்றிக் கிடந்தாள்.

மறுநாள் வெயில் ஏறியதும் அவள் பவளத்தைப் பிச்சைக்கனியிடம் ஒப்படைத்தாள். “எக்கா, நான் போயி சார் கால்ல விழுந்தாச்சும் கேட்டுட்டு வாரேன். புள்ள கருகினாலும் கருகட்டும், நெழலுக்குள்ள மட்டும் விட்டுராத.”

“போட்டி, நான் புள்ள பெத்து வளக்காதவளா?”

செல்வின் அவளை அறைக்குள் அழைத்து நாற்காலியில் அமரச் சொன்னார். அவள் அமரவில்லை. வெளியே வந்து அந்த நிழலை ஒரே ஒருமுறை பாருங்கள் என்று கெஞ்சினாள். அவர் அவளுடைய அச்சத்துக்கு மதிப்புக் கொடுத்து, வாசல்வரை வந்து, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு, உப்பின் வெள்ளொளியில் கண் கூச ஒரு கணம் பார்த்தார்.

“அது ஈரம்மா. அந்தப் பாத்தியில சேறு காயல. அதான் கறுப்பாத் தெரியுது.”

“ஈரம் எங்களுக்குத் தெரியாதா சார்?”

“உங்க பயம் எனக்குப் புரியுது. ஒண்ணு செய்வோம். இப்பவே, உங்க கண்ணு முன்னாலயே செய்றேன். ஒண்ணும் ஆகாதுன்னு நீங்களே பாத்துட்டா, மத்தவங்களுக்கும் நீங்களே போய்ச் சொல்லலாம்.”

அவர் நல்ல மனிதர். அவளை அச்சத்திலிருந்து விடுவிக்க வேண்டும் என்ற எண்ணம் ஒன்றோடுதான் உள்ளே சென்று விசையை அழுத்தினார்.

மதில் திரையில் சதுரம் மேலிருந்து வரிவரியாக நிரம்பத் தொடங்கியது. வெயிலுகந்தாள் திரையை விட்டுத் திரும்பி உப்பளத்தைப் பார்த்தாள். தொலைவில் நிழலின் வடக்கு விளிம்பு வெயிலுக்குள் கரைந்துகொண்டிருந்தது. கரையாத பகுதியின் நடுவே, சாக்கின்மேல், ஒரு சிவப்புப் பாவாடை சுருண்டு கிடந்தது.

அவள் ஓடினாள். வரப்புகளின் மேல் ஓடினாள், வரப்பு வளைந்த இடத்தில் பாத்திகளுக்குள் இறங்கி ஓடினாள், பூத்த உப்பு பாதத்தைக் கிழிக்கக் கிழிக்க ஓடினாள். “புள்ளயத் தூக்குங்கட்டி! புள்ளயத் தூக்குங்கட்டி!” என்று கத்திக்கொண்டே ஓடினாள். வாரிக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்தார்கள். அவள் விழுந்துவிடுவாளோ என்று பதறி அவளை நோக்கி வந்தார்கள். பிறகுதான் அவள் ஓடுகிற திசையைக் கண்டு நிழலை நோக்கித் திரும்பினார்கள். “வெயில்ல புள்ள வாடுதேன்னு நான்தான் படுக்க வச்சேன்” என்று அலறியபடி பிச்சைக்கனி தெற்கு வரப்புக்கு வந்து சேர்ந்தாள்.

வெயிலுகந்தாள் நிழலுக்குள் பாய்ந்தாள். அவளுடைய நிழல் அவள் காலைவிட்டுக் கழன்றது. நாட்கணக்காக வெயில் காணாத சேறு முழங்கால்வரை அவளை வாங்கிக்கொண்டது. ஒரு காலை இழுத்தால் மறுகால் இறங்கியது. வடக்கு விளிம்பு பாய் சுருட்டுவதுபோல் நெருங்கி வந்தது. அவள் எட்டி, மகளின் பாவாடையைப் பற்றி, இழுத்து, மார்போடு ஒருமுறை அணைத்து, இருந்த வலுவையெல்லாம் கூட்டித் தெற்கு வரப்பை நோக்கி வீசினாள். பிச்சைக்கனி ஏந்திக்கொண்டாள். தூக்கம் கலைந்த பவளம், தன்னை எறிந்ததற்குக் கோபித்து, “ஏ உகந்தா” என்று கத்தினாள்.

மற்ற பெண்கள் நான்கு வரப்பிலும் சூழ்ந்து நின்று, அவளை வெளியே இழுக்கக் கைகளை நீட்டினார்கள். நீட்டிய கைகளுக்கு நடுவே நிழலின் கடைசி வரி மூடியது.

வெயில் எல்லா இடத்திலும் ஒன்றுபோல் விழுந்தது. பாத்தியின் நடுவே ஒருத்தி நின்றாள். சேறு இறுகி உப்புப் பூத்திருந்தது. அவள் அதன்மேல் எளிதாக நடந்து கரையேறினாள். உயரமும் இல்லை, குட்டையும் இல்லை. வெயிலுகந்தாளின் மணிக்கட்டில் இருந்த தீக்காயத் தழும்பு அவளுக்கு இல்லை. அவள் வாய் திறந்தபோது பிச்சைக்கனி தன் சொந்தப் பல் இடுக்கைப் பாதி அடைபட்ட நிலையில் அங்கே கண்டாள். இன்னொருத்தி தன் இறந்துபோன தாயிடமிருந்து தனக்கு வந்த மோவாயைக் கண்டாள். ஒவ்வொருத்தியும் தன்னிடமிருந்து ஏதோ ஒன்றைக் கண்டு, கையை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“என்னட்டி, வேலையப் பாக்காம நிக்கீங்க?” என்றது அத்தனை பேரின் குரலும் கலந்த ஒரு குரல்.

திரையில் சூரியன் மாசு மறுவின்றி நின்றது. மேலிடம் செல்வினைப் பாராட்டியது. வேன்கள் வருவது நின்றது. தான் சொன்னதுபோல் ஒன்றும் நேரவில்லை என்று வெயிலுகந்தாளிடம் சொல்ல, செல்வின் ஒருநாள் பாத்திகளுக்கே நடந்து வந்தார். குனிந்திருந்த பெண்களுள் அவள் யார் என்று அவருக்கு அடையாளம் தெரியவில்லை. வெயில் தாங்காமல் திரும்பிப் போய்விட்டார்.

ஊர் அதையும் ஏற்றுக்கொண்டது. வேறென்ன செய்யும்? அவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பினாள். எவள் பேரைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பினாள். அதிகமும் வாரவில்லை, குறைவாகவும் வாரவில்லை. எவரோடும் சண்டை இல்லை. அவளைப் பற்றிக் குறை சொல்ல யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை; அதுதான் அவர்களை நடுக்கியது. வீட்டில் பவளத்துக்குத் தலை வாரிவிட்டாள், சோறு போட்டாள், ஒரு குழந்தையிடம் ஊர்ப் பெண்கள் வைக்கும் அன்பு எவ்வளவோ அவ்வளவு அன்பும் வைத்தாள். பெண்கள் யாரும் இப்போது திரையின் பக்கம் தலை திருப்புவதில்லை. கடலிலிருந்து எப்போதேனும் தப்பி வரும் மேகத்துண்டு பாத்திகளின்மேல் நிழலிட்டால், வாருபலகையைப் போட்டுவிட்டு, பிள்ளைகளை வாரிக்கொண்டு, கொதிக்கும் வெயிலைத் தேடி ஓடுகிறார்கள்.

ஒரு நண்பகலில், வரப்பில் தனியே விளையாடிக்கொண்டிருந்த பவளம் வழுக்கி விழுந்தாள். உப்புப் பாளத்தில் முழங்கால் கிழிந்து இரத்தம் வழிந்தது. அவள் அழுத அழுகை கடல்வரை கேட்டது.

அத்தனை பெண்களும் நிமிர்ந்தார்கள். வாருபலகையை வீசிவிட்டு முதலில் ஓடி வந்தவள் பிச்சைக்கனி. அவளுக்குப் பின்னே ஒருத்தி, அவளுக்கும் பின்னே ஒருத்தி என்று வரப்பெல்லாம் பெண்கள் ஓடி வந்தார்கள். கால் வலிக்காரி ஒருத்தி கடைசியாக நொண்டி வந்து சேர்ந்தாள். பவளம் பிச்சைக்கனியின் கையைத் தட்டிவிட்டு, கண்ணீரின் ஊடே, வருகிற ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதலாவதாகவும் இல்லை, கடைசியாகவும் இல்லை; அத்தனை பேருக்கும் சரியாக நடுவில் வந்து நின்றாள் அவளுடைய தாய்.